உள்ளூர்க் குதிரை விலை போகுமா?

"உள்ளூர் மாடு விலை போகாது" என்று நம் பெரியவர்கள் ஒரு பழமொழி சொல்லி வைத்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டுத் தொழுவத்தில் நிற்கும் மாட்டைத் தினம் பார்க்கிறோம். அது முட்டும் என்பது நமக்குத் தெரியும். வேலி தாண்டும் என்பதும் தெரியும். போன ஐப்பசி மழையில் சீக்காய்க் கிடந்ததும் தெரியும். ஆகையால் அதை விலைக்குக் கேட்க மனம் வருவதில்லை. நாற்பது மைலுக்கு அப்பால் சந்தையில் நிற்கும் மாடு எப்படிப்பட்டதோ, யார் கண்டது? ஆனாலும் அதன் கொம்பில் வர்ணம் பூசிக் கழுத்தில் மணி கட்டியிருந்தால், "ஆஹா, என்ன லட்சணம்!" என்று மடியை அவிழ்த்து விடுகிறோம்.

இந்தக் குணம் நமக்கு மட்டும் சொந்தமானதன்று. அமெரிக்காவிலும் இருக்கிறது. அங்கே மாட்டின் இடத்தில் குதிரையை வைத்துக் கொள்ளுங்கள். முக்கியமாக, "பாரல் ரேஸ்" என்கிற பீப்பாய்ப் பந்தயத்துக்குக் குதிரை வாங்குகிறவர்களிடம் இது நன்றாகவே உண்டு. டெக்ஸாஸில் இருக்கிறவர் கலிபோர்னியாக் குதிரைக்கு ஆசைப்படுவார்; கலிபோர்னியாவில் இருக்கிறவர் டெக்ஸாஸுக்குக் கடிதம் எழுதுவார். வீட்டிலிருந்து பத்து மைலில் நிற்கும் குதிரை இருவர் கண்ணிலும் படாது.

அப்படி யார் கண்ணிலும் படாமல் நின்ற ஒரு குதிரை, உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. அந்தக் கதையைச் சொல்வதற்கு முன்னால் பந்தயம் இன்னதென்று சொல்லிவிட வேண்டும்.

மூன்று பீப்பாய்

குதிரைப் பந்தயம் என்றதும் பத்துப் பன்னிரண்டு குதிரைகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு ஓடும் காட்சிதான் உங்கள் மனக்கண்முன் வரும். இது அப்படியல்ல. ஒரு நேரத்தில் ஒரே குதிரை. அதன்மேல் ஒரே ஆள். போட்டி கடிகாரத்தோடு.

மைதானத்தில் மூன்று பீப்பாய்களை முக்கோணமாக நிறுத்தியிருப்பார்கள். ரோடு போடும் இடத்தில் தார் நிரப்பி வைத்திருப்பார்களே, அதே ஜாதி இரும்பு டிரம்தான். 55 காலன், அதாவது சுமார் 200 லிட்டர் கொள்ளும். முதல் இரண்டு பீப்பாய்களுக்கும் நடுவே 90 அடி. அவை இரண்டிலிருந்தும் மூன்றாவது பீப்பாய் 105 அடி. புறப்படும் கோட்டுக்கும் முதல் பீப்பாய்க்கும் 60 அடி. இது வழக்கமான கணக்கு. மைதானம் சிறியதானால் குறைத்துக் கொள்வார்கள்.

சவாரி செய்கிறவள் நாலுகால் பாய்ச்சலில் உள்ளே வருகிறாள். ஒரு பீப்பாயை வலப்புறமாகச் சுற்ற வேண்டும். மற்ற இரண்டையும் இடப்புறமாகச் சுற்ற வேண்டும். இதையே இடம் வலம் மாற்றியும் செய்யலாம். மூன்றாவது பீப்பாயைச் சுற்றியதும் வந்த வழியே அம்பு மாதிரி திரும்பிப் பறக்க வேண்டும். மேலேயிருந்து பார்த்தால் குதிரை ஓடிய தடம் ஒரு வில்வ தளம் போல இருக்கும். இவ்வளவும் நடந்து முடிய, பெரிய மைதானத்தில் 17 விநாடிதான் ஆகிறது! நூறில் ஒரு பங்கு விநாடிவரை மின்சாரக் கண் கணக்கெடுக்கிறது. ஒரு பீப்பாய் கீழே விழுந்தால் 5 விநாடி தண்டம். 17 விநாடிப் பந்தயத்தில் 5 விநாடி தண்டம் என்றால், மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான்.

மேற்கு அமெரிக்காவில் மாடு மேய்க்கும் வீரர்களின் "ரோடியோ" என்ற விளையாட்டுத் திருவிழா பிரசித்தமானது. அதில் முரட்டுக் காளைமீதும் குதிரைமீதும் ஏறி வீரம் காட்டுவது ஆண்களின் காரியமாக இருந்தது. பெண்கள் அழகாக உடுத்திக்கொண்டு ஊர்வலம் வந்தால் போதும் என்று நினைத்தார்கள். "நாங்களும் குதிரை மேலேயே வளர்ந்தவர்கள்தாம்" என்று 1948-ல் 38 பெண்கள் டெக்ஸாஸ் மாகாணத்தில் சான் ஆஞ்செலோ என்ற ஊரில் கூடித் தங்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்தார்கள். பிற்காலத்தில் பெண்கள் தொழில்முறை ரோடியோ சங்கம் என்று பெயர் பெற்றது அதுவே. இன்று ரோடியோவில் பெண்களின் பெரிய போட்டி என்றால் பீப்பாய்ப் பந்தயம்தான்.

கால் மைல் ராஜா

இந்தப் பந்தயத்துக்கு எந்தக் குதிரை ஏற்றது? பத்துக்கு ஒன்பது பேர் சொல்லும் பதில்: "குவார்ட்டர் ஹார்ஸ்." குவார்ட்டர் என்றால் கால் பங்கு. கால் மைல் ஓட்டத்தில் இதை வெல்லக் குதிரை கிடையாது என்பதனால் வந்த பெயர் இது. தேர்ந்த பந்தயக் குதிரை அந்தக் கால் மைலை 21 விநாடி அளவில் கடந்துவிடும். நெடுந்தூரம் ஓட வேறு குதிரைகள் உண்டு. நின்ற இடத்திலிருந்து தெறித்துப் புறப்படவும், சட்டென்று பின்னங்கால்களில் பாரத்தைப் போட்டு உட்கார்ந்து திரும்பவும் இதற்கு நிகர் இல்லை. பரந்த மார்பு, உருண்டு திரண்ட பின்தொடைகள், 450 அல்லது 500 கிலோ எடை. இந்த இனத்துக்கென்று 1940-ல் அமெரிக்காவில் ஏற்பட்ட சங்கம், ஒவ்வொரு குதிரையின் தாய் தந்தை பெயரையும் பதிவேட்டில் எழுதி வைக்கிறது.

விலை? அதைத்தான் கேட்கக் கூடாது! சில ஆயிரம் டாலருக்கும் கிடைக்கும். லட்சம் டாலருக்கு மேலும் போகும். "டேஷ் டா ஃபேம்", "பிரெஞ்சுமன்ஸ் கை" போன்ற பெயர்பெற்ற பொலிகுதிரைகளின் வம்சம் என்றால், குட்டி இன்னும் ஒரு பீப்பாயைக்கூடக் கண்ணால் பார்த்திராதபோதே விலை ஏறிவிடுகிறது. நம்முடைய கல்யாணச் சந்தையில் பையன் படித்தானோ இல்லையோ, "இன்னார் பேரன்" என்றதும் சீர்வரிசைப் பட்டியல் நீளுகிறதல்லவா? அது போலத்தான்.

ஆனால் எல்லோருக்கும் லட்சம் டாலர்க் குதிரை தேவையா என்றால், தேவையே இல்லை. 1992-ல் ஜார்ஜியா மாகாணத்தின் அகஸ்டா நகரில் தொடங்கிய தேசிய பாரல் குதிரைச் சங்கம் ஒரு நல்ல ஏற்பாட்டைப் பரப்பியது. அன்றைய தினம் யார் மிக வேகமாக ஓடினாரோ அவருடைய நேரத்தை அளவுகோலாக வைத்துக் கொள்கிறார்கள். அதிலிருந்து அரை விநாடியோ அதற்கு மேலோ பின்தங்கியவர்களில் முதல்வருக்கு இரண்டாம் வகுப்பில் பரிசு. ஒரு விநாடி பின்தங்கியவர்களில் முதல்வருக்கு மூன்றாம் வகுப்பில் பரிசு. இப்படிப் போகிறது. பள்ளிக்கூடத்துப் பெண்ணும், பேரன் பேத்தி எடுத்த பாட்டியும், சனிக்கிழமை சாயங்காலம் தங்கள் சுமாரான குதிரைகளோடு வந்து பரிசு வாங்கிப் போக இது வழி செய்தது. உள்ளூர்க் குதிரைக்கு மவுசு வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆயிரத்து நூறு டாலர்

இப்போது கதைக்கு வருவோம்.

நியூ மெக்ஸிகோ மாகாணத்தின் வடகிழக்கு மூலையில் கிளேட்டன் என்று ஒரு சின்ன ஊர். மாடுகளுக்குத் தீனி போட்டுக் கொழுக்க வைத்து விற்கும் பட்டிகள் அந்தப் பக்கத்தில் உண்டு. 1980-களின் தொடக்கத்தில் அப்படி ஒரு பட்டியில் மாடுகளை ஓட்டுவதற்கு ஒரு செந்நிறக் குதிரை இருந்தது. 1977-ல் பிறந்தது. பதிவேட்டில் பெயர் "கில்ஸ் பே பாய்". பல கை மாறி அங்கே வந்து சேர்ந்திருந்தது. ஏறினவர்களைக் கீழே தள்ளும் என்று கெட்ட பெயர். "குதிரை குணம் அறிந்துதான் தம்பிரான் கொம்பு கொடுக்கவில்லை" என்பார்களே, அந்தப் பழமொழி இதற்காகவே ஏற்பட்டதோ என்று தோன்றும்.

அந்த ஊர்ச் சிறுமி சார்மேன் ஜேம்ஸ். நடக்கத் தெரிந்ததும் குதிரை ஏறக் கற்றவள் என்றே சொல்லலாம். பந்தயத்துக்கு அவளுக்கு ஒரு குதிரை வேண்டியிருந்தது. மாட்டுத் தொழிலில் இருந்த அவள் தகப்பனார் தூரதேசத்துக்கு ஆள் அனுப்பவில்லை. அருகில் நின்ற அந்தப் பொல்லாத குதிரையைத்தான் மகளுக்குக் காட்டினார். அவள் ஏறினாள், அது தள்ளவில்லை. பீப்பாய்களைச் சுற்றிப் பார்த்தாள். அதற்காகவே பிறந்தது போல அது சுற்றிற்று. விலை 1,100 டாலர். அது ஓடுகிற துடியைப் பார்த்து "ஸ்காம்பர்" என்று புதுப் பெயர் வைத்தார்கள்.

1984-ல், 14-வது வயதில், சார்மேன் உலக சாம்பியன் ஆனாள். மறு வருஷமும் அவளே. அதற்கு மறு வருஷமும் அவளே. 1993 வரையில் தொடர்ந்து பத்து வருஷம், அதே பெண்ணும் அதே குதிரையும்!

1985-ல் லாஸ் வேகாஸ் நகரில் நடந்த தேசிய இறுதிப் போட்டியில் ஒரு நாள், ஸ்காம்பர் மைதானத்துக்குள் பாயும்போதே அதன் தலைக் கடிவாளம் கழன்றுவிட்டது. வேறு குதிரையாயிருந்தால் தறிகெட்டுப் போயிருக்கும். ஸ்காம்பரோ பீப்பாய்களைத் தானே சுற்றி முடித்து வெளியே வந்தது. கடைசியில் பார்த்தால் அந்தச் சுற்றில் முதல் பரிசும் அதற்குத்தான்!

1996-ல் தொழில்முறை ரோடியோவின் புகழ் மண்டபத்தில் ஸ்காம்பரின் பெயரைச் சேர்த்தார்கள். அது விதை நீக்கிய குதிரையானதால் அதற்குச் சந்ததி இல்லை. அதனால் அதன் உடல் அணுவிலிருந்தே 2006-ல் ஒரு நகல் குதிரைக் குட்டியை விஞ்ஞானிகள் உண்டாக்கினார்கள். அதற்கு என்ன பெயர் வைத்தார்கள் தெரியுமா? "கிளேட்டன்"! உள்ளூரை மறக்கவில்லை. ஸ்காம்பர் 2012-ல் 35 வயது வரை வாழ்ந்து மறைந்தது. குதிரைக்கு அது பழுத்த கிழப் பருவம்.

இதைப் படித்ததும், "கீழே தள்ளுகிற குதிரையாகப் பார்த்து வாங்கினால் உலக சாம்பியன் ஆகலாம்" என்று யாராவது முடிவு கட்டினால், ஆஸ்பத்திரியில் இடம் பிடித்து வைத்துக்கொண்டு வாங்குவது நலம்! ஸ்காம்பர் லட்சத்தில் ஒன்று. அந்தப் பெண்ணும் லட்சத்தில் ஒருத்தி. இந்தக் கதையில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு விஷயம். குதிரை நின்ற இடம் அவர்களுக்குத் தெரியும். அதன் குணமும் தெரியும். பணம் கைமாறுவதற்கு முன்னால் அந்தப் பெண் அதன்மேல் ஏறிப் பார்த்தாள். உள்ளூரில் வாங்குவதன் ரகசியம் இதில் அடங்கிவிட்டது.

உள்ளூரில் என்ன சௌகரியம்?

தூரத்துக் குதிரையைப் படத்தில் பார்க்கிறோம். நன்றாக ஓடிய ஓர் ஓட்டத்தைப் படம் பிடித்து அனுப்புவார்கள். சண்டித்தனம் செய்த ஒன்பது ஓட்டங்களை அனுப்புவார்களா? உள்ளூர்க் குதிரையென்றால் சனிக்கிழமைதோறும் பந்தயத்துக்குப் போய் வேலியோரம் நின்று பார்த்துக் கொள்ளலாம். ஒரு மாதத்தில் அதன் யோக்கியதை வெளுத்துவிடும். விநாடிக் கணக்குகளும் வெளியாகின்றன. "என் குதிரை 17 விநாடியில் ஓடும்" என்று விற்பவர் சொன்னால், எந்த மைதானத்தில், எந்தத் தேதியில் என்று ஒத்துப் பார்க்கலாம்.

இன்னொன்று: ஊர் வாய். லாடம் கட்டுகிறவர் ஆறு வாரத்துக்கோ எட்டு வாரத்துக்கோ ஒரு முறை அந்தக் குதிரையின் நான்கு கால்களையும் தூக்கிப் பார்க்கிறவர். குளம்பில் வெடிப்பு உண்டா, முன்னங்கால் குதியில் நோவு உண்டா, காலைத் தூக்கினால் உதைக்குமா என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். வைக்கோல் விற்கிறவருக்கும், பக்கத்துப் பண்ணைக்காரருக்கும், முன்பு அதை வைத்திருந்தவருக்கும் ஆளுக்கு ஒரு செய்தி தெரிந்திருக்கும். சம்பந்தம் பேசுவதற்கு முன் கோடி வீட்டில் விசாரிப்பதில்லையா நாம்?

சங்கடமும் இல்லாமல் இல்லை. சிறிய ஊரில் விலைக்கு நிற்கும் குதிரைகள் இரண்டோ மூன்றோதான் இருக்கும். "இதை விட்டால் வேறு இல்லை" என்று மனசு அவசரப்படும். வியாபாரம் கசந்து போனாலோ, விற்றவர் முகத்தில் தினமும் விழிக்க வேண்டும். தெரிந்தவர் என்ற தாட்சணியத்தால் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காமல் விடுகிறவர்களும் உண்டு. தாட்சணியம் தன நாசம் என்பது இங்கேதான் பலிக்கிறது.

விளம்பர பாஷை

குதிரை விளம்பரங்களுக்கென்று ஒரு தனி அகராதி இருக்கிறது. "அனுபவமுள்ள சவாரிக்காரருக்கு ஏற்றது" என்றிருந்தால், மற்றவர்களைத் தள்ளிவிடும் என்று பொருள். "நல்ல துடிப்பு" என்றால் நிறுத்துவது கஷ்டம். "இதற்கு மேல் எங்கேயோ போகக் கூடியது" என்றால் இதுவரை எங்கேயும் போகவில்லை. "குழந்தைகூட ஓட்டலாம்" என்றிருந்தால், விற்கிறவர் வீட்டுக் குழந்தை ஓட்டுவதை நம் கண்ணால் பார்த்துவிட வேண்டும். மணமகள் தேவை விளம்பரங்களில் "மாநிறம்", "சொந்தத் தொழில்" என்ற வார்த்தைகளுக்கு அர்த்தம் கண்டுபிடித்துப் பழகிய நமக்கு இதெல்லாம் கடினமா என்ன?

வயது விஷயத்திலும் கவனம் வேண்டும். "தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே" என்பது பழமொழி. காசு கொடுத்து வாங்கும் குதிரையைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். ஐந்து வயதில் குதிரைக்குப் பால்பற்கள் போய் முழுப் பற்களும் வந்துவிடும். பத்து வயதுக்கு மேல் மேல்வரிசையின் ஓரப் பல்லில் ஒரு பள்ளக் கோடு தோன்றி, வருஷம் ஏற ஏறக் கீழே இறங்கும். ஆனால் பல் சொல்லும் வயது ஏறக்குறைய வயதுதான். பதிவேடு இருந்தால் சந்தேகமே இல்லை. வயதான குதிரை என்று ஒதுக்கிவிட வேண்டாம். புதிதாகப் பழகும் பெண்ணுக்குப் பன்னிரண்டு, பதினைந்து வயதான, பந்தயம் பல கண்ட குதிரையே நல்ல வாத்தியார். ஓட்டத் தெரியாத பெண்ணுக்கு ஓடத் தெரியாத குட்டியை வாங்கிக் கொடுத்து, "இரண்டும் சேர்ந்து கற்றுக் கொள்ளட்டும்" என்கிற தகப்பனார்கள், இரண்டையும் ஆபத்தில் தள்ளுகிறார்கள்.

குதிரை பார்க்கும் படலம்

பெண் பார்க்கப் போகும்போது சொன்ன நேரத்துக்குப் போவதுதான் மரியாதை. குதிரை பார்க்கப் போகும்போது அரை மணி முன்னதாகப் போவது புத்திசாலித்தனம். போகும்போதே குதிரை சேணம் பூட்டி, வியர்வை வழிய நின்றால் சற்று யோசிக்க வேண்டும். திமிர் அடங்குவதற்காக ஒரு மணி நேரம் சுற்றிச் சுற்றி ஓட்டிக் களைக்க வைத்திருக்கலாம். ஆகையால் மேய்ச்சல் வெளியிலிருந்து அதைப் பிடித்து வருவது முதல் எல்லாம் நம் கண்முன் நடக்கட்டும். பிடிக்கப் போனால் ஓடுகிறதா? காலைத் தூக்கினால் கொடுக்கிறதா? சேணத்தின் வாரை இறுக்கும்போது கடிக்க வருகிறதா? வண்டியில் ஏற மறுக்கிறதா? பந்தயம் 17 விநாடிதான். மற்ற நேரமெல்லாம் இந்தக் காரியங்கள்தாம்.

முதலில் விற்கிறவர் ஏறி ஓட்டிக் காட்ட வேண்டும். அவர் ஏறத் தயங்கினால், வந்த வழியே திரும்பலாம். பிறகுதான் வாங்குகிறவர் ஏற வேண்டும். எடுத்தவுடனே பாய்ச்சல் கூடாது. நடை, மெதுவோட்டம், நிறுத்தம், இரண்டு பக்கமும் வட்டம். பீப்பாய்களை முதலில் நடையிலேயே சுற்றிப் பார்த்தால், குதிரைக்குப் பாடம் சரியாக வந்திருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

பீப்பாய்க் குதிரைகளுக்கே உரிய ஒரு கெட்ட பழக்கம் உண்டு. மைதானத்து வாசலுக்கு வந்ததும் சண்டி பண்ணும், பின்னங்காலில் எழும், பின்னாலேயே போகும். திரும்பத் திரும்ப ஓடி அலுத்ததாலோ, உடம்பில் எங்கேயோ வலிப்பதாலோ, உள்ளே போனால் துன்பம் என்று அதன் மனசில் பதிந்துவிடுகிறது. வீட்டு மைதானத்தில் இது தெரியாது. ஒலிபெருக்கியும் கூட்டமும் இருக்கிற உண்மைப் பந்தயத்தில்தான் தெரியும். தூரத்தில் வாங்குகிறவர் இதைப் பணம் கொடுத்த பிறகு கண்டுபிடிக்கிறார். உள்ளூரில் வாங்குகிறவர் வேலியோரத்தில் நின்றே கண்டுபிடித்துவிடுகிறார்.

வைத்தியர் வருகிறார்

எல்லாம் பிடித்திருந்தால் அடுத்து மிருக வைத்தியர். அவர் வாங்குகிறவர் அமர்த்தியவராக இருக்க வேண்டும். விற்கிறவருடைய வாடிக்கை வைத்தியராக இருக்கக் கூடாது. சிறிய ஊரில் ஒரே வைத்தியர்தான் என்றால், பக்கத்து ஊரிலிருந்து ஒருவரை அழைப்பது உத்தமம்.

வைத்தியர் குதிரையின் ஒவ்வொரு காலையும் மடக்கி, அரை நிமிஷமோ ஒரு நிமிஷமோ பிடித்திருந்து, சட்டென்று விட்டு ஓடச் சொல்வார். மூட்டில் கோளாறு இருந்தால் அப்போது நொண்டும். குளம்பை ஒரு குறடால் அழுத்திப் பார்ப்பார். பாய்ந்து வந்து சட்டென்று திரும்புகிற வேலையானதால் இந்தக் குதிரைகளுக்குப் பின்னங்கால் மூட்டுகள் சீக்கிரம் தேய்கின்றன. முன்னங்கால் குதிப் பக்கத்திலும் நோவு காண்கிறது. தேவையானால் எக்ஸ்ரே எடுப்பார்கள். கொஞ்சம் ரத்தமும் எடுத்து வைப்பது நல்லது. ஏனென்றால் "பியூட்" என்று சுருக்கமாக வழங்கும் வலி மருந்தைக் கொடுத்தால் நொண்டிக் குதிரையும் நொண்டாது; மயக்க மருந்தைக் கொடுத்தால் முரட்டுக் குதிரையும் பசுவாகும். ரத்தம் பொய் சொல்லாது.

அந்த ரத்தத்தில் இன்னொரு பரிசோதனையும் உண்டு. "காகின்ஸ்" என்று அதற்குப் பெயர். குதிரைகளுக்குத் தொற்றும் ஒரு கொடிய ரத்தசோகை நோயைக் கண்டுபிடிக்கும். அந்த நோய்க்குத் தடுப்பூசியும் இல்லை, மருந்தும் இல்லை. கண்டுவிட்டால் அந்தக் குதிரையைக் கருணைக் கொலை செய்ய வேண்டும். அல்லது ஆயுள் முழுவதும் தனியே ஒதுக்கி வைக்க வேண்டும்.

பெரிய வம்சம் என்று மயங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1969-ல் பிறந்த "இம்பிரெஸிவ்" என்ற ஆண் குதிரை பெயருக்கேற்ற கம்பீரமானது. அதன் சந்ததியை எல்லோரும் போட்டி போட்டு வாங்கினார்கள். பிற்காலத்தில்தான் தெரிந்தது, திடீரென்று தசைகள் நடுங்கிக் குதிரையைக் கீழே விழச் செய்யும் ஒரு பரம்பரை நோயும் அந்த வம்சத்தில் ஓடுகிறது என்று. இப்போது ரோமத்தைக் கொடுத்தே இந்த மாதிரிப் பரம்பரை நோய்களைச் சோதித்துக் கொள்ளலாம். ஜாதகத்தில் யோகத்தைப் பார்க்கிறவர்கள் தோஷத்தையும் பார்க்க வேண்டுமல்லவா?

ரசீது

நம்முடைய சந்தைகளில் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். அமெரிக்காவில் வாய்விட்டே பேசுகிறார்கள். ஆனால் பேசினால் மட்டும் போதாது; எழுத வேண்டும். குதிரையின் பெயர், வயது, அடையாளம், விலை, விற்றவர் ஒப்புக்கொண்ட குறைகள் எல்லாம் ரசீதில் இருக்கட்டும். பதிவுப் பத்திரத்தையும், பெயர் மாற்றும் பாரத்தில் விற்றவர் கையெழுத்தையும் அப்போதே வாங்கிவிட வேண்டும். நியூ மெக்ஸிகோ போன்ற மேற்கு மாகாணங்களில் சூட்டுக்குறிப் பரிசோதகர் வந்து பார்த்துச் சான்று கொடுத்தால்தான் குதிரை சட்டப்படி கைமாறும். திருட்டுக் குதிரைகள் நடமாடிய காலத்தில் ஏற்பட்ட நல்ல வழக்கம் அது. அண்டை வீட்டுக்காரரிடம் வாங்கும்போதுதான் இந்தக் காகிதங்கள் அதிகம் தேவை. நட்பு நீடிக்க வேண்டுமானால் கணக்குச் சுத்தமாக இருக்க வேண்டும்.

வாங்கிய விலையோடு செலவு முடிந்துவிடாது. நாளொன்றுக்கு ஏழெட்டுக் கிலோ உலர்ந்த புல், லாடம், வைத்தியம், லாயம் என்று மாதந்தோறும் கை நீண்டுகொண்டே இருக்கும். "குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம்" என்பதை, வரவு செலவுக் கணக்கு எழுதுகிறபோது பல குடும்பங்கள் உணர்கின்றன.

வாய் பேசாத கட்சிக்காரர்

இவ்வளவு ஜாக்கிரதை எதற்கு என்று கேட்கலாம். முதல் காரணம், குதிரை மேல் ஏறப் போவது பெரும்பாலும் வீட்டுப் பெண்குழந்தை. அரை டன் எடையுள்ள பிராணி பாய்ந்து வந்து சாய்ந்து திரும்பும்போது கால் இடறினால் என்ன ஆகும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை.

இரண்டாவது காரணத்தை யாரும் அதிகம் பேசுவதில்லை. தவறான வியாபாரத்தில் வாங்கினவருக்குப் பணம் போகிறது. விற்றவருக்குப் பெயர் போகிறது. குதிரைக்கோ உயிரே போகலாம். பொருந்தாத கையில் சிக்கிய குதிரை சண்டியாகிறது. சண்டிக் குதிரை மலிவாகக் கைமாறுகிறது. கைமாற மாற அடி அதிகம், தீனி குறைவு. கடைசியில் ஏலத்துக்கு வருகிறது. அங்கே இறைச்சிக்காக வாங்குகிறவர்களும் நிற்பார்கள். அமெரிக்காவில் குதிரைகளை அறுக்கும் கூடங்கள் 2007-ல் மூடப்பட்டன. ஆனாலும் எல்லை தாண்டி மெக்ஸிகோவுக்கும் கனடாவுக்கும் லாரிகள் போய்க்கொண்டுதான் இருந்தன. பல கை மாறி, கெட்ட பெயர் எடுத்து, மாட்டுப் பட்டிக்கு வந்து சேர்ந்த ஸ்காம்பர் போயிருக்கக்கூடிய வழியும் அதுவேதான். பொருத்தமான ஒரு சிறுமி பக்கத்திலேயே இருந்ததால் அது பிழைத்தது.

உள்ளூரில் விற்பதில் குதிரைக்கு இருக்கும் லாபம் இது. அது போன இடம் தெரியும். விற்றவர் போகிற வழியில் வேலியோரம் நின்று எட்டிப் பார்க்கலாம். "சரிப்படாவிட்டால் என்னிடமே முதலில் சொல்லுங்கள்" என்று ரசீதில் ஒரு வரி சேர்த்துக் கொள்கிற நல்லவர்கள் அங்கே உண்டு. சந்தையில் முகம் தெரியாதவரிடம் விற்றவர் அப்படிக் கேட்க முடியாது.

குதிரை வாங்கும் உத்தேசம் உங்களில் பெரும்பாலோருக்கு இராது. ஆனால் வீட்டுக்கு மாப்பிள்ளையோ, வேலைக்கு ஆளோ, குழந்தைக்குப் பாட்டு வாத்தியாரோ தேடுகிறவர்கள் நிச்சயம் இருப்பீர்கள். தூரத்து ஊருக்குக் கடிதம் எழுத உட்காருவதற்கு முன்னால், உங்கள் தெருவை ஒரு தடவை நடந்து பார்த்துவிட்டு வாருங்கள். உள்ளூர் மாடு விலை போகாது என்பது விற்கிறவனுடைய கவலை. வாங்குகிறவனுக்கு அதைவிட நல்ல சேதி வேறு ஏது?